பழைய பாடிக்குப் புது நெக்

ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வகை எலெக்ட்ரிக் கிட்டாரில் நெக்கையும், அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்தையும், பாடியையும் சேர்த்துப் பிடித்திருப்பது நாலே நாலு ஸ்க்ரூ. பசை கிடையாது, மூட்டு கிடையாது. அதை உருவாக்கிய லியோ ஃபெண்டர் அடிப்படையில் ரேடியோ ரிப்பேர்க்காரர். 1938-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ கடை வைத்தவர். கெட்ட வால்வைப் பிடுங்கிவிட்டுப் புது வால்வைச் செருகிப் பழகிய கை அது. 1950-இல் வந்த எஸ்கொயர் கிட்டாரிலும் 1954-இல் வந்த ஸ்ட்ராட்டிலும் நெக்கை அவர் அப்படியொரு உதிரிபாகமாகத்தான் வைத்தார். கிப்ஸன் நிறுவனத்தின் லெஸ் பால் கிட்டாரில் நெக்கைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அதைக் கழற்ற நீராவியும் நிறைய பொறுமையும் வேண்டும். இந்தக் கட்டுரை அந்த வகைக்கு அல்ல.

உதிரிபாகம்தான், ஆனால் பல்பு மாதிரி எடுத்து மாட்டிவிட முடியாது. ஸ்க்ரூவை முடுக்குவது பத்து நிமிஷம். அதற்கு முன்னால் அளவெடுப்பதுதான் வேலை. நெக் மாற்றிக் கெட்டுப்போன கிட்டார்களில் பெரும்பாலானவற்றில் நெக் நல்ல நெக்காகவே இருக்கும், பாடியும் நல்ல பாடியாகவே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டரை யாரோ பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

பணம் கொடுப்பதற்கு முன்

முதலில் ஸ்கேல். நட் என்றால் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் அந்தச் சின்ன எலும்புத் துண்டு. ஃப்ரெட் என்றால் நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை. நட்டின் உள்விளிம்பிலிருந்து 12-ஆம் ஃப்ரெட்டின் முகடு வரை அளந்து இரண்டால் பெருக்கினால் வருவது ஸ்கேல். ஸ்ட்ராட், ஃபெண்டரின் இன்னொரு மாடலான டெலிகாஸ்டர் (டெலி) இரண்டிலும் அது 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ. அப்படியானால் நட்டிலிருந்து 12-ஆம் ஃப்ரெட்டுக்கு 324 மி.மீ. வர வேண்டும். ஃபெண்டரின் ஜாகுவாருக்கும் மஸ்டாங்குக்கும் 24 அங்குலம்தான். அந்த நெக்கை ஸ்ட்ராட் பாடியில் மாட்டினால் எந்த ஃப்ரெட்டிலும் சுருதி சேராது. வீணையில் மெட்டுகள் மெழுகில் உட்கார்ந்திருப்பதால் சூடு காட்டி நகர்த்திக்கொள்ளலாம். கிட்டாரில் ஃப்ரெட் அறுத்த காடியில் அடித்து இறக்கியது, நகராது. நகரக்கூடியது, பாடியில் கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சேடில் மட்டும்தான், அதுவும் ஒரு சென்டிமீட்டருக்குள்.

ஸ்கேல் சரியாக இருந்தால் மட்டும் போதாது. நெக்கின் அடிப்பகுதியை ஹீல் என்பார்கள். பாடியின் பள்ளத்துக்குள் போவது அதுதான். பழைய நெக்கில் 12-ஆம் ஃப்ரெட்டிலிருந்து ஹீலின் கடைசி விளிம்பு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். வாங்கப்போகும் நெக்கிலும் அதே அளவைக் கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் கவலையில்லை, சேடில் சமாளித்துக்கொள்ளும். நாலு மில்லிமீட்டர் என்றால் சேடில் ஸ்க்ரூ முனை வரை போய் முட்டி நிற்கும், கடைசிக் கம்பி அப்போதும் சேராது. ஃப்ரெட்களின் எண்ணிக்கையில் குழம்ப வேண்டாம். 22 ஃப்ரெட் நெக்கில் கடைசி ஃப்ரெட் ஹீலைத் தாண்டி நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஹீல் அதே இடத்தில்தான் முடியும். ஒரே தொல்லை, பாடியின் மேல்முகத்தை மூடும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைக் கழற்ற வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் நெக்கைக் கழற்ற வேண்டிவரும். 24 ஃப்ரெட் நெக் மட்டும் வேறு கதை, அதற்கென்று வெட்டிய பாடி வேண்டும்.

24.75 அங்குல ஸ்கேலில், ஆனால் ஸ்ட்ராட் பாடிக்குப் பொருந்துகிற மாதிரி, கன்வெர்ஷன் நெக் என்று ஒன்று விற்கிறார்கள். வார்மத் நிறுவனம் செய்வது பிரபலம். பிரிட்ஜை நகர்த்தாமலே ஸ்கேல் குறையும்படி ஃப்ரெட் இடங்களையும் நெக் நீளத்தையும் மாற்றியமைத்த நெக் அது. கம்பி கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும் என்பவர்களுக்கு நல்ல வழி.

அடுத்து ஹீலின் அகலமும் தடிமனும். ஃபெண்டர் அளவுப்படி அகலம் 2 3/16 அங்குலம், ஏறக்குறைய 55.6 மி.மீ.; தடிமன் 1 அங்குலம், 25.4 மி.மீ. பாடியில் இருக்கும் பள்ளத்தின் ஆழம் 5/8 அங்குலம், 15.9 மி.மீ. கழித்துப் பார்த்தால், ஃப்ரெட்கள் பதித்த பலகையான ஃப்ரெட்போர்டின் மேல்முகம் பாடிக்கு மேலே 9.5 மி.மீ. உயரத்தில் நிற்கும். அந்த 9.5-ஐ நம்பித்தான் பிரிட்ஜும், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. மலிவு நெக் ஒன்றில் ஹீல் 23 மி.மீ. தான் என்றால் ஃப்ரெட்போர்டு 2.4 மி.மீ. கீழே போய்விடும், சேடிலைத் தரையோடு இறக்கினாலும் கம்பி மேலேயே மிதக்கும். வெர்னியர் காலிப்பர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். அளவுகோலை வைத்துக் கண்ணால் பார்த்து 55-க்கும் 56-க்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

ஹீலின் முனை ஸ்ட்ராட்டில் வளைந்திருக்கும், டெலியில் நேராக வெட்டியிருக்கும். ஸ்ட்ராட் நெக்கை டெலி பாடியில் வைத்தால் மூலைகளில் கொஞ்சம் இடைவெளி தெரியும், வேலைக்குக் குறைவில்லை. டெலி நெக்கை ஸ்ட்ராட் பாடியில் வைத்தால் மூலை இடித்துக்கொண்டு உள்ளேயே போகாது.

ஃப்ரெட்போர்டின் வளைவை ரேடியஸ் என்று எழுதியிருப்பார்கள். பழைய ஃபெண்டரில் 7.25 அங்குலம், இப்போது பெரும்பாலும் 9.5, தட்டையாக வேண்டும் என்பவர்களுக்கு 12 அல்லது அதற்கு மேல். 7.25-இல் கார்டு பிடிக்க விரல் சுகமாக இருக்கும். ஆனால் கம்பியைத் தாழ்வாக வைத்துக்கொண்டு மேல் ஃப்ரெட்களில் ஒரு முழு ஸ்வரம் வளைத்தால் வளைவின் நடுமேட்டில் கம்பி உரசி ஒலி பட்டென்று செத்துவிடும். லீட் வாசிப்பவர் 9.5-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. பழைய பாணி ஸ்ட்ராட் பிக்கப்பில் காந்தக் குச்சிகள் ஏற்ற இறக்கமாக இருக்கும். சுற்றுக்கம்பியாக இருந்த மூன்றாவது கம்பிக்காக அதன் குச்சியை உயர்த்தி வைத்திருந்தார்கள். இன்றைய வெறும் மூன்றாவது கம்பிக்கு அது தேவையில்லை. தட்டையான நெக்கில் அந்தக் கம்பி மட்டும் மற்றவற்றை அமுக்கிக்கொண்டு கத்தும். அப்போது நெக்கைக் குறை சொல்ல வேண்டாம்.

கம்பியைச் சுற்றி முறுக்கும் ட்யூனர்களுக்கான துளைகளிலும் இரண்டு ஜாதி. பழைய க்ளூஸன் வகைக்கு 8.8 மி.மீ., இன்றைய சீல் செய்த ட்யூனர்களுக்கு 10 மி.மீ. பெரிய துளையில் பழைய ட்யூனர் போட மாற்றுப் புஷ் கிடைக்கிறது, அழுத்திச் செருகினால் முடிந்தது. சின்னத் துளையைப் பெரிதாக்குவதுதான் அபாயம். சாதாரண டிரில் பிட் ஏற்கெனவே இருக்கும் துளையில் கவ்விக்கொண்டு இழுக்கும், வார்னிஷைச் சில்லு சில்லாகப் பெயர்க்கும். கூம்பு ரீமரைக் கையால் சுழற்றி, முன்னால் பாதி, பின்னால் பாதி என்று அகலப்படுத்துங்கள்.

ட்ரஸ் ராட், அதாவது நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் இரும்புக் கம்பி, எந்தப் பக்கம் திருகுவது என்பதையும் பார்த்து வாங்குங்கள். முதல் எஸ்கொயர்களில் நெக்குக்குள் இரும்புக் கம்பியே இல்லாமல் வந்து, அப்புறம்தான் சேர்த்தார்கள். விண்டேஜ் பாணி நெக்கில் அதன் திருகு ஹீல் முனையில் இருக்கும்; சரிசெய்ய ஒவ்வொரு முறையும் நெக்கைக் கழற்ற வேண்டும். பார்க்க அழகுதான். ஆனால் மழைக்காலத்துக்கும் கோடைக்கும் மரம் வேறுவிதமாக நடந்துகொள்ளும் ஊரில் இருப்பவர் தலைப்பக்கம் திருகுகிற நெக்கை வாங்குவதே புத்திசாலித்தனம்.

மரத்தைப் பற்றி நிறையப் புராணம் உண்டு, இரண்டு வரி போதும். நெக் பெரும்பாலும் மேப்பிள். ஃப்ரெட்போர்டு மேப்பிளாகவோ ரோஸ்வுட்டாகவோ இருக்கும். விவரத்தில் இந்தியன் ரோஸ்வுட் என்று போட்டிருந்தால் அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி, தோதகத்தி என்கிற அதே மரம். 2017 ஜனவரியில் ரோஸ்வுட் மரங்களின் பேரினம் முழுவதும் சைட்டீஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது ஃபெண்டர் மெக்ஸிகோவில் செய்யும் மாடல்களில் பாவ் ஃபெரோ மரத்துக்கு மாறியது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்கு கிடைத்தது. அந்த இடைவெளியில் செய்த கிட்டார்களில் ஃப்ரெட்போர்டு வெளிறிக் கிடப்பது இதனால்தான்.

வார்னிஷ் அடிக்காத பச்சை மேப்பிள் நெக் விலை குறைவு. அதை அப்படியே மாட்டினால் சில மாதத்தில் வியர்வை ஊறிச் சாம்பல் பூத்துவிடும், ஈரம் குடித்து வளையவும் செய்யும். ட்ரூ ஆயில் மாதிரி மரத்துக்குப் பூசும் எண்ணெய் ஒன்றை மெலிதாக ஆறேழு பூச்சு கொடுங்கள். அடிக்கும்போது ஹீலின் பக்கங்களில் டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே பூச்சு ஏற ஏற ஹீல் தடித்து, அளந்து வாங்கிய 55.6 பொய்யாகிவிடும்.

வந்திறங்கியதும்

பெட்டியைத் திறந்த அன்றே மாட்ட வேண்டாம். கிட்டார் எந்த அறையில் இருக்கப்போகிறதோ அதே அறையில் ஒரு வாரம் கிடக்கட்டும். சென்னை மாதிரிக் கடலோர ஊரின் ஈரப்பதத்துக்கும் ஏசி அறையின் வறட்சிக்கும் மரம் நன்றாகவே நகரும். ஏசி அறையில் சில நாள் கழித்து நெக்கின் ஓரத்தில் கையை ஓட்டிப்பாருங்கள். ஃப்ரெட் முனைகள் ரம்பப் பல் மாதிரி இடித்தால் மரம் சுருங்கியிருக்கிறது, உலோகம் சுருங்கவில்லை. மெல்லிய அரத்தால் முனைகளை நீவிவிடலாம், ஆனால் மரம் அடங்கிய பிறகு.

நெக்கைத் துப்பாக்கி மாதிரி கண்ணுக்கு நேரே பிடித்து, ஹீலிலிருந்து நட்டை நோக்கிப் பாருங்கள். முன்பக்கமோ பின்பக்கமோ வளைந்திருந்தால் ட்ரஸ் ராட் சரிசெய்யும். நட்டும் கடைசி ஃப்ரெட்டும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாமல் முறுக்கிக்கொண்டிருந்தால் எதுவும் சரிசெய்யாது, திருப்பி அனுப்புங்கள். துளை போட்ட பிறகு யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ட்ரஸ் ராடையும் இப்போதே கால் சுற்று முடுக்கி, கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். வேலை செய்யாத ராடைக் கண்டுபிடிக்க வேண்டிய நேரம் இதுதான்.

பழைய நெக்கைக் கழற்றும்போது கம்பிகளைப் படிப்படியாகத் தளர்த்துங்கள். ட்ரெமலோ (கைப்பிடியால் ஆட்டிச் சுருதியை அசைக்கும்) பிரிட்ஜ் என்றால் கம்பி போனதும் பின்னால் இருக்கும் ஸ்ப்ரிங்குகள் பிரிட்ஜை இழுத்துப் பாடியில் அடிக்கும். இடையில் ஒரு துண்டுத் துணி வையுங்கள். தலைக்குச் சரியாகப் பொருந்தும் 2-ஆம் நம்பர் ஸ்டார் ஸ்க்ரூட்ரைவரே வேண்டும், சின்னது தலையைத் தின்றுவிடும். நாலையும் படிப்படியாகத் தளர்த்தி முழுவதும் கழற்றிவிட்டு, நெக்கைப் பாடியை விட்டு நேராக மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் ஆட்டிப் பிடுங்கினால் பள்ளத்தின் மெல்லிய உதட்டில் பெயின்ட் வெடிக்கும். ஸ்ட்ராட்களில் அந்த மூலையில் தெரியும் மயிர்க்கோடு பெரும்பாலும் மரத்தில் விழுந்த விரிசல் அல்ல, பெயின்ட் மட்டும்தான். ஃபெண்டர் நெக் என்றால் ஹீல் முனையில் பென்சிலிலோ முத்திரையிலோ தேதி இருக்கக்கூடும், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தின் தரையைப் பாருங்கள். பெயின்ட் வடிந்து உறைந்த திட்டு, மரத்தூள், காகிதத் துண்டு எல்லாம் இருக்கும். காகிதத் துண்டை மட்டும் தூக்கி எறிய வேண்டாம், அது ஷிம்மாக (நெக்கைச் சாய்க்க அடியில் வைக்கும் துண்டாக) இருக்கலாம், பின்னால் சொல்கிறேன். திட்டுகளைத் தட்டையான உளியால் சுரண்டி எடுங்கள். புது நெக் இறங்க மறுத்தால் முதல் சந்தேகம் பள்ளத்தின் சுவரில் ஏறிய பெயின்ட் மேல்தான் வர வேண்டும். 220 நம்பர் உப்புத்தாளைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றி, சுவரை நாலு இழுப்பு தேய்த்து, வைத்துப் பார்த்து, மறுபடி தேயுங்கள். புது நெக்கைத் தேய்க்காதீர்கள். நெக் கையில் அழுத்தினால் இறங்க வேண்டும், கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்தால் விழக்கூடாது. அது நல்ல பொருத்தம். விழுந்தாலும் குடிமுழுகிவிடாது, நெக்கைப் பிடிப்பது சுவர் அல்ல, ஸ்க்ரூக்களின் அழுத்தம்.

துளை

இங்கேதான் நிதானம் வேண்டும். பாடியிலும் அதன் முதுகில் ஸ்க்ரூத் தலைகள் உட்காரும் உலோகத் தகட்டிலும் இருக்கும் நாலு துளை வழியாக ஸ்க்ரூ தடையில்லாமல் நழுவ வேண்டும், மரை நெக்கில் மட்டும்தான் கடிக்க வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. பாடியின் துளையிலும் மரை கடித்தால், ஸ்க்ரூ இரண்டு மரத்தையும் ஒரே வேகத்தில் கடந்து போகும். நடுவில் இருக்கும் இடைவெளி அப்படியே பூட்டிக்கொள்ளும். எவ்வளவு முடுக்கினாலும் நெக் பள்ளத்தின் தரையைத் தொடாது. சோதனை எளிது. ஸ்க்ரூவை விரலால் தள்ளினால் பாடிக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் 4.5 மி.மீ. பிட்டால் பாடியின் துளைகளை அகலப்படுத்துங்கள். வழக்கமான நெக் ஸ்க்ரூ 8-ஆம் நம்பர், 4.2 மி.மீ. குறுக்களவு, 45 மி.மீ. நீளம்.

துளையோடு வரும் நெக்குகளும் உண்டு. அவை உங்கள் பாடியோடு பொருந்தும் என்று நம்ப வேண்டாம். ஃபெண்டர் பாணியில் நாலு துளையும் 2 அங்குலம், 1 1/2 அங்குலம் செவ்வகத்தில் நிற்கும். மற்ற தயாரிப்பாளர்கள் அவரவர் இஷ்டம். அரைத் துளை தள்ளி இருந்தால் ஸ்க்ரூவைச் சாய்த்து ஏற்றி ஒப்பேற்ற நினைக்காதீர்கள். கெட்டியான மேப்பிள் துண்டைப் பசை தடவி அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, புதிதாகத் துளை போட வேண்டும். தீக்குச்சியும் பல்குத்தும் குச்சியும் பிக்கார்டு ஸ்க்ரூவுக்குப் போதும், நெக்குக்குப் போதாது.

இப்போது நேர்கோடு. புது நெக்கில் நட்டை வைத்து, ஓரத்து ட்யூனர்கள் இரண்டை மட்டும் மாட்டி, பள்ளத்தில் உட்காரவைத்து, சி-கிளாம்பால் பிடியுங்கள். ஃப்ரெட்போர்டு பக்கம் ஒரு மரத்துண்டும் கார்க்கும் வைத்தால் ஃப்ரெட் நசுங்காது. ஹீல் முனை பள்ளத்தின் பின்சுவரைத் தொட்டிருக்க வேண்டும். முதல் கம்பியையும் ஆறாம் கம்பியையும் லேசான இழுவிசையில் ஏற்றுங்கள். கம்பிக்குப் பதில் நூல் கட்டியும் செய்யலாம், ஆனால் கம்பி பொய் சொல்லாது. 12-ஆம் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் கம்பிக்கும் ஃப்ரெட் முனைக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளங்கள். இரண்டும் சமமாக, 3 மி.மீ. வாக்கில் இருந்தால் நல்லது.

இந்த இடத்தில் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். பள்ளத்தின் நீளம் 76 மி.மீ. அதற்குள் நெக் 0.3 மி.மீ. திரும்பினால், அதாவது ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் அளவுக்கு, பள்ளத்தின் வாயிலிருந்து 390 மி.மீ. தள்ளி இருக்கும் நட் ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். கம்பி 12-ஆம் ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர், கடைசி ஃப்ரெட்டில் 0.7 மி.மீ. ஒரு பக்கமாகப் போய்விடும். ஒரு பக்கம் 2.3, மறு பக்கம் 3.7. முதல் கம்பி அந்த 2.3 பக்கம் மாட்டிக்கொண்டால் வைப்ராட்டோ செய்யும்போதெல்லாம் ஃப்ரெட்டை விட்டு வெளியே வழுக்கி விழும். கிளாம்பைத் தளர்த்தி, தலையை லேசாகத் தள்ளி, இறுக்கி, மறுபடி அளங்கள். நாலைந்து தடவை ஆகும், பரவாயில்லை.

சரியானதும் பாடியின் பின்பக்கம் வழியாக, துளைக்குச் சரியாகப் பொருந்தும் கூர்நடு டிரில் பிட்டை விட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். ஹீலில் நாலு நடுப்புள்ளி விழும். கிளாம்பை எடுத்து, நெக்கைத் துண்டின் மேல் ஃப்ரெட் கீழாகக் கிடத்தி, 3.2 மி.மீ. பிட்டால் துளை போடுங்கள். மேப்பிளுக்கு அதுதான் அளவு, 2.5-இல் போட்டால் ஸ்க்ரூ முறியும் அல்லது மரம் பிளக்கும், 3.5-இல் போட்டால் கடிக்க மரம் இருக்காது.

ஆழத்தை அட்டவணையில் தேட வேண்டாம், ஸ்க்ரூவே சொல்லும். தகட்டையும் ஸ்க்ரூவையும் நெக் இல்லாத பாடியில் போட்டு, பள்ளத்தில் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளங்கள். முழுத் தடிமன் பாடியில் 14, 15 மி.மீ. வரும். அதோடு இரண்டு மில்லிமீட்டர் கூட்டி, பிட்டில் அந்த இடத்தில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். மலிவு மாடல் சிலவற்றில் பாடி 40 மி.மீ. தான் இருக்கும், அங்கே அதே 45 மி.மீ. ஸ்க்ரூ 19, 20 மி.மீ. உள்ளே போய் ஃப்ரெட்போர்டின் அடியைத் தொட்டுவிடும். ஃப்ரெட்போர்டில் ஒரு சின்னக் கொப்புளம் எழும்பிய பிறகு தெரிந்து பயனில்லை. துளை செங்குத்தாக இருக்க டிரில் பிரஸ் நல்லது. இல்லையென்றால் கனமான மரக்கட்டையில் ஒரு நேர்த்துளை போட்டு அதை வழிகாட்டியாக வையுங்கள்.

ஸ்க்ரூவின் மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஏற்றுங்கள். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுத்துத் துரு பிடிக்கவைக்கும். முதலில் நாலையும் தனித்தனியாக நெக்கில் ஏற்றி இறக்கி மரை வெட்டிக்கொண்டு, அப்புறம் பாடியோடு சேர்த்துக் குறுக்குமறுக்காக முடுக்குங்கள். டிரில் மெஷினால் முடுக்காதீர்கள். கையில் ஸ்க்ரூட்ரைவர் நின்றதும் இன்னொரு கால் சுற்று, அவ்வளவுதான்.

ட்யூனர், நட்

ட்யூனர்களின் சின்ன ஸ்க்ரூக்கள்தான் இந்த வேலையிலேயே அதிகம் முறிகிறவை. மேப்பிள் கல் மாதிரி, ஸ்க்ரூவோ மெல்லிய மென்உலோகம். 1.5 மி.மீ. துளை, கொஞ்சம் மெழுகு, பொறுமை. உங்களிடம் அதே அளவில் எஃகு ஸ்க்ரூ ஒன்று இருந்தால் முதலில் அதை ஏற்றி வழி வெட்டிக்கொள்ளுங்கள். ஆறு ட்யூனரும் ஒரே வரிசையில் நிற்க, நேர்விளிம்புள்ள அளவுகோலை முதுகில் அண்டக்கொடுத்துத் துளை குறியுங்கள். ஃபெண்டர் தலை பின்னால் சாயாமல் தட்டையாக இருப்பதால் ஒன்றாம், இரண்டாம் கம்பிகள் நட்டை அழுத்த, தலையில் கம்பியைக் கீழே பிடித்திருக்கும் கொக்கியான ஸ்ட்ரிங் ட்ரீ வேண்டும். உயரம் படிப்படியாகக் குறையும் ட்யூனர் போட்டால் பெரும்பாலும் அது இல்லாமலே ஆகும்.

நட் காடியின் அடி ஃபெண்டரில் பெரும்பாலும் ஃப்ரெட்போர்டோடு சேர்ந்து வளைந்திருக்கும். தட்டையான அடியுள்ள நட்டை வாங்கி ஒட்டினால் இரண்டு ஓரமும் அந்தரத்தில் நிற்கும்; ஓரக் கம்பி இரண்டும் மந்தமாக ஒலிக்கும். எலும்பு நட்டே வாங்குங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் அதன் தடிமனுக்கேற்ற அரத்தால் காடி வெட்ட வேண்டும். ஆழம் தெரிய, கம்பியை இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேல் தட்டிப் பாருங்கள். மயிரிழை இடைவெளியில் டிக் என்று தட்ட வேண்டும். தட்டவே இல்லையென்றால் ஆழம் கூடிவிட்டது, திறந்த கம்பி இரையும். இடைவெளி கண்ணுக்கே நன்றாகத் தெரிந்தால் இன்னும் அரம் போடலாம். அப்படியே விட்டால் முதல் மூன்று ஃப்ரெட்டில் எல்லா கார்டும் சுருதி ஏறிக் கேட்கும். பிரிட்ஜில் இன்டனேஷன் (சேடிலை முன்னும் பின்னும் நகர்த்தி ஃப்ரெட்களில் சுருதி சேர்ப்பது) எவ்வளவு சரிசெய்தாலும் அது போகாது. புது நெக் சுருதி சேரவில்லை என்ற புகாரின் பின்னால் அனேகமாக இந்த உயரமான நட்தான் இருக்கும்.

கம்பி ஏறிய பிறகு

10-46 கம்பிகள் முழுச் சுருதியில் ஏறக்குறைய 46 கிலோ இழுக்கும். அந்த இழுவையில் நெக் முன்னால் லேசாக வளைவது இயல்பு, கொஞ்சம் வளையவும் வேண்டும். கம்பி முழுச் சுருதியில் இருக்கும்போதே நெக் ஸ்க்ரூ நாலையும் கால் சுற்று தளர்த்துங்கள். சில நேரம் சின்னதாக ஒரு முனகல் கேட்கும். ஹீல் பின்சுவரோடு ஒட்டி உட்காரும் சத்தம் அது. ஓரக் கம்பிகளின் இடைவெளியை அதே நேரத்தில் தலையைத் தள்ளிச் சரிசெய்து, மறுபடி முடுக்குங்கள்.

முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட்டு, ஆறாம் கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்தி, 8-ஆம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். ஃபெண்டர் சொல்லும் அளவு, 7.25 ரேடியஸுக்கு 0.3 மி.மீ., 9.5 முதல் 12 வரை 0.25. அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடைக் கடிகாரத் திசையில் கால் சுற்று முடுக்கி, சுருதி பார்த்து, மறுபடி அளங்கள். ஒரேயடியாக ஒரு சுற்று திருகுவது ராடை உடைக்கும் வழி.

அப்புறம் 17-ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம்: 9.5 ரேடியஸுக்கு இரண்டு ஓரமும் 1.6 மி.மீ. இதில் தொடங்கி உங்கள் கைக்கேற்ப ஏற்றி இறக்கலாம். பழைய நெக் 7.25, புதியது 12 என்றால் ஆறு சேடிலின் உயரத்தையும் புது வளைவுக்கு மாற்ற மறக்காதீர்கள். சேடில்கள் அடியில் முட்டியும் கம்பி இன்னும் உயரமாக இருந்தால்தான் ஷிம். பள்ளத்தின் பின்விளிம்போரம், பாடி பக்கம், 0.5 மி.மீ. தடிமன் துண்டு வைத்தால் நெக் பின்னால் சாயும். சேடிலை ஏறக்குறைய 1.8 மி.மீ. ஏற்ற இடம் கிடைக்கும். ஃபெண்டர் தொழிற்சாலையிலேயே இப்படி வைத்து அனுப்பியிருக்கிறார்கள், 1971-இல் இதற்காகவே மைக்ரோ டில்ட் என்ற திருகையும் கொண்டுவந்தார்கள். அட்டைத் துண்டை ஓரத்தில் மட்டும் வைத்தால் நடுவில் காலியிடம் விழுந்து, காலப்போக்கில் கடைசி ஃப்ரெட்கள் மேலெழும்பலாம். பள்ளம் முழுவதையும் நிரப்பும் சரிவான மரச் சீவல் கிடைத்தால் அதையே போடுங்கள்.

கடைசியாக இன்டனேஷன். 12-ஆம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்திய ஸ்வரமும் ஒன்றாக வர வேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் இழுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கம்பி உரசினால் அந்த ஃப்ரெட் மேடாக இருக்கிறது. மூன்று ஃப்ரெட்டை ஒன்றாக மேவும் சின்ன நேர்விளிம்பை அதன் மேல் வைத்தால் தள்ளாடும். அந்த ஒன்றை மட்டும் சீவினால் போதும், எல்லா ஃப்ரெட்டையும் அராவ வேண்டியதில்லை.

இரண்டு வாரம் கழித்து இதே அளவுகளை மறுபடி எடுங்கள். கம்பியின் இழுவைக்குப் புது மரம் பழக அவ்வளவு நாள் ஆகும், ட்ரஸ் ராட் இன்னொரு கால் சுற்று கேட்கலாம். பழைய நெக்கின் ட்ரஸ் ராடைத் தளர்த்திவிட்டு, அதன் நாலு ஸ்க்ரூவையும் ஹீலில் டேப் போட்டு ஒட்டி, தலையில் கயிறு கட்டிச் சுவரில் தொங்கவிடுங்கள். மூலையில் சாய்த்து வைத்தால் ஆறு மாதத்தில் அதுவும் வளைந்திருக்கும்.